நயினார் வீட்டுக் குடம்

எங்கள் ஊரான நத்தங்காலில் தண்ணீர் வரிசையில் வைத்த குடத்தை இன்னொருத்தி நகர்த்தக் கூடாது. வைத்தவள் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம், களையெடுக்கப் போயிருக்கலாம். குடம் நின்றால் அவள் நிற்கிறாள் என்று அர்த்தம். முறை வந்தால் பின்னால் இருப்பவள் அதில் தண்ணீர் பிடித்து வைப்பாளே தவிர, ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தை முன்னால் வைக்க மாட்டாள். அப்படிச் செய்தவளோடு ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். எழுதி வைத்த சட்டங்களெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் தேய்ந்துவிடுகின்றன. எழுதாத இந்த ஒன்று மட்டும் தேயவில்லை.

அந்த வரிசையில் முதல் இடம் எங்கள் குடும்பத்துக்கு உரியது. நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. மேல்நிலைத் தொட்டி கட்ட ஊரில் ஒருவரும் இடம் தராதபோது என் சித்தப்பா தன் நல்ல வயலைக் கொடுத்தார். தொட்டியின் காலில் பதித்த கல்லில் அவர் பெயர் இருக்கிறது. அன்றிலிருந்து தொட்டியடிக் குழாயில் அவர் வீட்டுப் பித்தளைக் குடம் முதலில் நிற்கும். மற்ற குடங்கள் அதன் பின்னால் நிற்கும்.

சித்தப்பாவின் மகன் ஆறுமுகநயினார் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிட இளையவன், ஆனால் விறைப்பில் என்னைவிட மூத்தவன். காக்கியைக் கழற்றிய பிறகும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போடுகிறவன். மேட்டுத்தெருவில் முதல் வீடு அவனுடையது. மனைவி முப்பிடாதியம்மாள், மருமகள் அபர்ணா, கைக்குழந்தையாக ஒரு பேத்தி. மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனியில் தொடங்கி ஆவணிவரை சாரல் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். காயப்போட்ட துணி காயாது, அடுப்புச் சுள்ளி பற்றாது, வைக்கோல் பூசணம் பூக்கும். ஊரெங்கும் நீர், குடிக்க மட்டும் நீர் இல்லை. கால்வாயில் ஓடிவருவது குற்றாலத்தில் குளித்தவர்களின் எண்ணெயும் ஷாம்பு நுரையும். காலி ஷாம்புப் பாக்கெட்டுகள் நெல் வயலின் மடைவாயில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. வயலுக்கே அதைப் பாய்ச்ச மனம் கூசுகிறது. வீட்டுக்கு எப்படி எடுப்பது? வேறு ஊர்க்காரர்கள் உடம்பு தேய்க்க எங்கள் மலையிலிருந்து வரும் நீர், எங்கள் பிள்ளைகள் குடிக்க இல்லை.

கூட்டுக் குடிநீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும். வீட்டுக்கு வீடு குழாய் பதித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மேட்டுத்தெருவுக்கு அது ஏறவில்லை. கீழத்தெருவுக்கு அது இறங்கவில்லை, ஏனென்றால் நடுத்தெருவில் ஆளாளுக்குச் சின்ன மோட்டாரைக் குழாயில் மாட்டி உறிஞ்சிக்கொண்டார்கள். மோட்டார் இல்லாதவர்களுக்குத் தொட்டியடிக் குழாய்தான். அதுவும் சில நாள் நூலாக ஒழுகும், சில நாள் வெறும் காற்றை ஊதும்.

சித்திரைக்குப் பிறகு எங்கள் பித்தளைக் குடம் அந்த வரிசையில் வரவில்லை. மருமகள் பச்சை உடம்புக்காரி, அதனால் வரவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நயினார் எதுவும் நினைக்கவில்லை. அவன் தினமும் இருட்டோடு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய்விடுவான். வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்னால் ஐந்தருவியில் தலை கொடுத்து நின்று, ஈர வேட்டியோடு திரும்பி, பழையதும் சுண்டக்கறியும் சாப்பிட்டால்தான் அவனுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு.

சுதந்திர தினத்தன்று கிராம சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. ஊராட்சித் தலைவர் நம்பிராஜன் நாற்காலியில் இருந்தான். தொட்டி ஆபரேட்டர் சிவசைலம் சுவரோரம் நின்றான். நயினார் சட்டையில் கொடி குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் இருந்தேன். மிட்டாய் கொடுத்து முடிந்ததும் அவன் எழுந்தான்.

"தலைவரே, ஒரு கேள்வி. கீழத்தெருக் குழாயில காத்துதான் வருது. தண்ணி எங்கன போவுது?"

"அது ஒங்களுக்கே தெரியும்லா அண்ணாச்சி. வீட்டுக்கு வீடு மோட்டாரு வச்சு உறிஞ்சுதாவோ."

"அது சரி. அருவி ரோட்டுல புதுசா ஒரு விடுதி வந்திருக்கே, அதுக்கு வாசல்ல நம்ம மெயின் குழாய்லருந்து ஒரு குழாய் பிரிஞ்சு போவுது. குழி தோண்டும்போது என் கண்ணால பாத்தேன். நம்ம வீட்டுக் குழாயவிடத் தடியான குழாய். அது ஆரு உறிஞ்சுதது?"

நம்பிராஜன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி செருகினான்.

"அவங்க அனுமதி வாங்கித்தான் போட்டிருக்காங்க."

"ஆருட்ட வாங்குனாவ? இந்தச் சபையில என்னைக்காவது தீர்மானம் போட்டியளா?"

"அண்ணாச்சி, மொதல்ல நம்ம ஊருக்குள்ள நடக்க களவ நிப்பாட்டுவோம். பெறகு அடுத்தவனக் கேப்போம். நம்ம கையில அழுக்க வச்சுக்கிட்டு அவனக் கேட்டா சிரிப்பாமுல்லா?"

நயினாரின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"சரிவே. இன்னைக்கே நிப்பாட்டு. சிவசைலத்தக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போய்ப் பாரு. மேட்டுத்தெரு மொதல் வீடு எங்க வீடு. அங்கன இருந்தே ஆரம்பி."

கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. எங்கள் குடும்பத்து ஆண் பேச வேண்டியபடி பேசினான். பெண்கள் பக்கத்தில், கீழத்தெருச் சுடலைமணியின் மனைவி மஞ்சு மட்டும் கை தட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சபை அப்படியே எழுந்து மேட்டுத்தெருவுக்கு வந்தது. சாரல் பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நயினார் நின்றுவிட்டான்.

"நான் உள்ள வரல. கூட வந்தா மறைச்சுட்டேம்ப. நீங்க ரெண்டுபேரும் போய்ப் பாத்துட்டு வாங்க."

நம்பிராஜனும் சிவசைலமும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கத் தொழுவத்துக்குப் போனார்கள். அடுக்களையிலிருந்து உளுந்தஞ்சோறு வேகும் மணம் தெருவரை வந்தது. அம்மியில் எள்ளுத் துவையல் அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். சிவசைலம் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"ஏட்டையா வீடு சுத்தம்!" என்று நம்பிராஜன் உரக்கச் சொன்னான். "மழை வலுக்குது. மிச்ச வீட்ட இன்னொரு நாள் பாப்போம். எல்லாரும் போங்க."

கூட்டம் கலைந்தது. நம்பிராஜன் நயினாரைத் தோளில் கைவைத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனான். நான் குடையோடு கூடவே போனேன். மூத்தவனான என்னை அங்கிருந்து போகச் சொல்ல நம்பிராஜனுக்குத் துணிவு இல்லை.

"அண்ணாச்சி, விடுதி விசயத்த இதோட விட்டுருங்க."

"எதுக்குவே விடணும்?"

"ஒங்க தொழுவுல கோழி இல்லாமலே ஒரு பஞ்சாரம் கவுத்திருக்கு. தூக்கிப் பாருங்க. நான் பாத்தத நான் சொல்ல மாட்டேன். நீங்க பாத்தத நீங்க சொல்லாண்டாம். ஒங்க அப்பா பேரு கல்லுல இருக்கு, எதுக்கு அசிங்கம்?"

அவன் நாங்கள் தூக்கி வளர்த்த பையன். அவன் அப்பனின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டு வண்டியில்தான் பெண் வந்தாள். அவன் எங்களுக்கு அசிங்கம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனான்.

தொழுவத்தில் மாடு இல்லாமல் பல வருடம் ஆகிவிட்டது. விறகும் பழைய சைக்கிளும் கிடந்தன. மூலையில் கோழி அடைக்கும் பிரம்புப் பஞ்சாரம் கவிழ்ந்திருந்தது. நயினார் அதைத் தூக்கினான். உள்ளே நீல நிற மோட்டார். அதன் வாயிலிருந்து ரப்பர் குழாய் சுவர் ஓட்டை வழியாகத் தெருக் குழாய்க்குப் போயிருந்தது. இன்னொரு குழாய் வீட்டுச் சிமிண்டுத் தொட்டிக்குப் போயிருந்தது. தொட்டி தளும்ப நிறைந்திருந்தது.

"ஏட்டி! இங்க வா."

முப்பிடாதியம்மாள் துவையல் கையோடு வந்தாள்.

"இது என்னது?"

"பாத்தா தெரியலயா? மோட்டாரு."

"எப்பருந்து?"

"சித்திரையிலருந்து."

அபர்ணா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "மாமா, அத்தையத் திட்டாதிய. நாந்தான் கேட்டேன். அவுக பட்டாளத்துலருந்தே ஆன்லைன்ல போட்டு விட்டாவ. மாட்டுனதும் நாந்தான்."

"ஊருக்கு முன்னால நெஞ்ச நிமித்திக்கிட்டு எங்க வீட்லருந்து ஆரம்பின்னு சொல்லிட்டு வந்து நிக்கேன். எங்கப்பன் பேரத் தொழுவுல கவுத்து வச்சிருக்கியளேட்டி!"

"நிப்பாட்டுங்க." முப்பிடாதியம்மாள் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளென எந்திச்சு அருவிக்குப் போயிருதிய. தலையில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஈர வேட்டியோட வாரிய. அந்த வேட்டிய அலசத் தண்ணி எங்கன இருந்து வருதுன்னு என்னைக்காவது கேட்டியளா? புள்ள பீத்துணி எந்தத் தண்ணியில வெளுக்குது, ராத்திரி தின்ன சோறு எந்தத் தண்ணியில வெந்துது, கேட்டியளா?"

"குழாயில வருதுன்னு..."

"குழாயில வருதாம்! இந்த மேட்டுல குழாய் என்னைக்குப் பேஞ்சுது? பிள்ள பெத்த பச்ச ஒடம்போட இவ குடத்தச் சுமந்துக்கிட்டு ஏறும்போது வழுக்கி விழுந்தாளே, தையலு பிரிஞ்சு தென்காசிக்குக் கொண்டுபோனமே, அன்னைக்கு நீங்க எங்கன இருந்திய?"

நயினாரின் கண் அபர்ணா பக்கம் போனது.

"அருவியில இருந்திய. அன்னைக்குத்தான் மவன்ட்ட மோட்டார் வாங்கச் சொன்னேன். அவ கேட்டாங்கது பொய். நாந்தான் சொன்னேன்." கையில் காய்ந்த துவையலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள். "அதுக்குப் பெறகு நான் வரிசைக்குப் போகல. ஏன் தெரியுமா? மஞ்சு குடத்துல காத்து ஊதுது, என் வீட்டுத் தொட்டி நெறையுது. அவ மொவத்துல முழிச்சுக்கிட்டு மொதல் குடமா எப்படி வைக்கது? எனக்கு வெக்கம் இருக்கு. அந்த வரிசைப் பொம்பளையள் எல்லாத்துக்கும் என் வீட்ல மோட்டார் ஓடுதுன்னு தெரியும். எம் மூஞ்சிக்காக ஒருத்தியும் சொல்லல. நீங்க இன்னைக்கு சபையில எந்திச்சு நின்னியளாமே, மஞ்சு சிரிச்சிருப்பாளே?"

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மூத்தவன் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்.

"தம்பி, இப்பவே கழட்டி விறகுக்கு அடியில போடு. பாத்தது ரெண்டு பேரு. விடுதிப் பேச்ச விட்டுட்டா அவனுவ வாயத் தொறக்க மாட்டானுவ. வீட்டு விசயம் வீட்டோட போவட்டும்."

குடும்பத்தின் பெயரைக் காப்பது எங்கள் தலைமுறையின் வேலை. அதைச் சொன்னதில் எனக்கு இன்றும் குறை தோன்றவில்லை. ஆனால் முப்பிடாதியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

"அவன் வாய மூடுதான். அதுக்கு நாம வாய மூடணும். அதான அத்தான் பேரம்? கீழத்தெருவுக்கு விடுதிக்காரனால தண்ணியும் போச்சு, நம்ம வாயும் போச்சு. எதக் காப்பாத்தணும்ங்கிய?"

நயினார் பஞ்சாரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். பிறகு, "ஸ்பேனர் இருக்கா?" என்றான்.

அபர்ணா குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து தானே கழற்றினாள். பழகிய கை. கழற்றிய மோட்டாரை நயினார் எடுத்துத் தோளில் வைத்தான். மிச்சமிருந்த தண்ணீர் அவன் வெள்ளைச் சட்டையில் வடிந்து, குத்தியிருந்த கொடியை நனைத்தது. சாக்கு போட்டு மூடிக் கொண்டுபோகலாம் என்று நான் ஒரு சாக்கை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

பட்டப்பகலில், மேட்டுத்தெருவும் நடுத்தெருவும் பார்க்க, என் சித்தப்பா மகன் களவு மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எங்கள் குடும்பத்து ஆள் ஊர் நடுவே தனியாக நடந்தான் என்று பேச்சு வரக் கூடாது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த விஜய்பாண்டி எழுந்து நின்று சலாம் வைத்தான்.

"ஏட்டையா தொண்டிச் சாமான ஆஜர்படுத்தப் போறாவ டோய்!"

போலீஸ் பேச்சில் களவுப் பொருளுக்குத் தொண்டி என்று பெயர். கடையே சிரித்தது. அந்தக் கடைக்குப் பின்னால் இருக்கும் விஜய்பாண்டியின் வீட்டில் அந்நேரம் எந்த மோட்டார் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

தொட்டியடியில், தன் அப்பாவின் பெயர் பதித்த கல்லுக்குக் கீழே நயினார் மோட்டாரை இறக்கி வைத்தான். அதற்குள் ஊர் கூடிவிட்டது. நம்பிராஜன் வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"என்ன அண்ணாச்சி இது?"

"எங்க வீட்டுக் களவு. தொழுவுல பஞ்சாரத்துக்கு அடியில இருந்துது. நீ பாத்தே, சுத்தம்னு சொன்னே. இப்ப ஊர் பாக்கட்டும். எங்க குழாய வெட்டிக்கோ. வெட்டிட்டு விடுதிக்காரன் குழாயத் தோண்டு."

"களவாண்டவனே வந்து அதத் தோண்டு இதத் தோண்டுன்னா எப்படி?"

மறுபடியும் சிரிப்பு. நயினாரின் குரல் மாறவில்லை.

"நான் ஒத்துக்கிட்டேன் வே. நீ எப்ப ஒத்துக்கிடப் போறே?"

வேறு எவனும் தன் வீட்டு மோட்டாரைக் கொண்டுவரவில்லை. கதைகளில் ஒருவன் செய்தால் ஊரே செய்யும். எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அன்று சாயங்காலமே சிவசைலம் வந்து இணைப்பை வெட்டினான். எத்தனையோ மோட்டார் ஓடும் ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெட்டினான். உண்மையைச் சொன்ன வீட்டில். வெட்டும்போது, "மன்னிச்சுக்கிடுங்க ஏட்டையா" என்றான். "ஒன் வேலையப் பாரு" என்றான் நயினார்.

மறுநாள் தண்ணீர் விடும் நாள். விடிவதற்கு முன்னால் அந்த வீட்டில் வெளிச்சம் தெரிந்ததால் நான் போனேன். அவன் அருவிக்குப் போகவில்லை, வண்டி திண்ணையோரம் நின்றது. நயினார் பரணிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கிப் புளிபோட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான். துலக்கத் தெரியவில்லை, பாதி குடம் கறுப்பாகவே இருந்தது.

"அங்கன வைங்க" என்றாள் முப்பிடாதியம்மாள். "ஆம்பள குடம் தூக்குனா ஊர் சிரிக்கும்."

"நேத்தே சிரிச்சிட்டு. மிச்சம் இருந்தா சிரிக்கட்டும்."

"தொட்டியடியில நம்ம குடத்த மொதல்ல வைக்காதிய. அது மட்டும் வேண்டாம்."

"நான் தொட்டியடிக்குப் போகல. விடுதி வாசலுக்குப் போறேன்."

அவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அருவிச் சாலையில் நடந்தான். நானும் பின்னால் போனேன். குளிக்காத தலை, மழிக்காத தாடை. அந்தக் கோலத்தில் அவனை நான் பார்த்ததே இல்லை. விடுதி வாசலில் வண்ண விளக்குகள் எரிந்தன. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் சேறு மிதித்து உள்ளே போகக் கூடாது என்று வாசலிலேயே கால் கழுவ ஒரு குழாய் வைத்திருந்தார்கள். ஒருவன் குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் செல்போனில் பேசிக்கொண்டு ஒரு காலை மற்றொரு காலால் தேய்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கை தடிமனுக்குக் கொட்டியது. வாசல் சிமிண்டில் பரவி, சாலையோரப் பள்ளத்தில் ஓடியது.

எங்கள் கூட்டுக் குடிநீர். நத்தங்காலில் காற்றாக வருவது இங்கே கால் கழுவிக்கொண்டிருந்தது.

நயினார் அவன் போகும்வரை காத்திருந்தான். பிறகு குழாயை இறுக மூடினான். காவலாளி ஓடிவந்தான்.

"பெரியவரே, என்ன வேணும்? தண்ணியா? பிடிச்சுட்டுப் போங்க."

"கால் கழுவுத எடத்துல என் பேத்தி குடிக்கத் தண்ணி பிடிக்க மாட்டேன். வரிசை போட வந்திருக்கேன்." பித்தளைக் குடத்தைக் குழாய்க்கு நேரே வைத்தான். "எங்க தண்ணி எங்க ஊருக்குப் போறவரைக்கும் வரிசை இங்கனதான்."

காவலாளி உள்ளே ஆள் கூப்பிடப் போனான்.

இதற்குள் முப்பிடாதியம்மாள் தொட்டியடிக்குப் போயிருக்கிறாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் அங்கே போய் நின்றதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்களாம். குழாய் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அவள் மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி விடுதி வாசல்ல வருது. அவுக அங்கன வரிசை போட்டுருக்காவ" என்று மட்டும் சொன்னாள்.

"அங்கனயும் ஒங்க குடந்தான் மொதல்ல நிக்குமோ மயினி?" என்று மஞ்சு கேட்டாளாம். கேட்டுவிட்டுத் தன் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நடந்தாளாம்.

அவர்கள் சாரலில் நனைந்துகொண்டு வந்தார்கள். மஞ்சள், பச்சை, சிவப்புப் பிளாஸ்டிக் குடங்கள். அபர்ணா குழந்தையைத் துண்டால் மூடி எடுத்துவந்தாள். கைப்பம்பைச் சுற்றியும் தொட்டியடியிலும் நின்று பழகிய பெண்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பித்தளைக் குடத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்தார்கள். வரிசை வாசல் கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கியது.

முப்பிடாதியம்மாள் நேராகக் குழாயடிக்குப் போனாள். தன் குடத்தைத் தூக்கினாள்.

"எதுக்கு எடுக்கே?" என்றான் நயினார்.

"நம்ம எடம் அங்கன."

வரிசையின் முடிவுக்கு நடந்து, எல்லாக் குடங்களுக்கும் பின்னால் அதை வைத்தாள். அந்த இடம் அருவிச் சாலையின் நடுவில் இருந்தது. கல்லில் பெயர் உள்ள வீட்டின் குடம் கடைசியாக நின்றது. எனக்கு நெஞ்சு எரிந்தது. நயினார் போய் அதன் பக்கத்தில் நின்றான்.

குற்றாலத்துக்குப் போகும் கார்கள் வந்து நிற்கத் தொடங்கின. ஹாரன் அடித்தார்கள். முதல் காரின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"யம்மா, அந்த ஒரு குடத்த மட்டும் ஓரமா வைங்க. வண்டி போயிரும்."

யாரும் அசையவில்லை. அவன் கதவைத் திறந்து இறங்கினான். பித்தளைக் குடத்தின் கழுத்தில் கை வைக்கக் குனிந்தான்.

"யோவ், கைய எடும்!"

வரிசையின் முன்னாலிருந்து மஞ்சு கத்திக்கொண்டு வந்தாள். நனைந்த சேலை காலில் சுற்றியது. வந்து அவனுக்கும் குடத்துக்கும் இடையில் நின்றாள்.

"அது நயினார் வீட்டுக் குடம். வரிசையில இருக்கு."